பாலம் தாண்டினால் பதினொரு நிமிடம்

ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று யார் போனில் கேட்டாலும், "அஞ்சு நிமிஷம், வந்துட்டேன்" என்பாள். வண்டி அப்போது ஏதாவது ஒரு சிக்னலில் நாலாவது முறையாகச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "அஞ்சு நிமிஷம் எங்க?" "அஞ்சு நிமிஷம் சாப்பிடப் போயிருக்கு" என்று சேமிப்பு அறைப் பெண்கள் அவள் காதுபடவே பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் பொய்க்காரி இல்லை. ஒன்பது வருடம் ஒரு சிற்றூரில் பள்ளி வேன் ஓட்டியவள். அந்த ஊரில் எங்கிருந்து எங்கே போனாலும் ஐந்து நிமிடம்தான். சந்தைக்குப் போனால் ஐந்து, திரும்பினால் ஐந்து, நடுவில் ஒரு மாடு படுத்திருந்தால் ஏழு. கணவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊரில் மொத்தமே மூன்று லிஃப்ட். அதில் இரண்டு ஓடாது. கம்பெனி அவரை இந்த நகரத்துக்கு மாற்றியதும், அவளும் மகளும் பின்னால் வந்தார்கள். பழைய வாய்ப்பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

நகரத்தை ஒரு ஆறு இரண்டாக வெட்டியிருந்தது. ரத்த வங்கி இக்கரையில். பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில். நடுவில் ஒரே பாலம், நீளம் இரண்டு கிலோமீட்டர். அடுத்த பாலத்துக்குப் போக வேண்டுமானால் ஆற்றோரமாக இருபது கிலோமீட்டர் சுற்ற வேண்டும். எல்லா இடத்திலும் கிடைக்கும் ரத்தம் அந்த ஆஸ்பத்திரியிலேயே இருந்தது. கிடைக்காத வகைக்குத்தான் இங்கே போன் வரும். பைகளைக் குளிர்பெட்டியில் வைத்து, வெப்பமானி முள் சரியான எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்து, பெல்ட்டால் கட்டி, அவள் கிளம்புவாள். வெள்ளை வேன், பக்கவாட்டில் ஒரு சிவப்புத் துளி. சைரன் கிடையாது.

மூன்றாவது மாதம் அது நடந்தது. சாலை விபத்தில் அடிபட்ட ஒருவருக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் ரத்தம் கேட்டார்கள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார் ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். அவரை அவள் பார்த்ததே இல்லை. போனில் கேட்கும் குரல் மட்டும்தான்.

"இருபது நிமிஷத்துல வந்துடுவேன் சிஸ்டர்."

போய்ச் சேர ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மயிரிழையில்தான். சாயங்காலம் தலைமை நர்ஸ் மறுபடி போன் செய்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிறகு தோன்றியது.

"லேட்டானதுக்கு நான் கூப்பிடலம்மா. ரோடு உங்க கையில இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா பக்கத்துல ஒரு சின்ன ரத்த மையத்துல ரெண்டு பை இருந்துச்சு. அம்பது நிமிஷம்னு நீங்க சொல்லியிருந்தா ஆளை அனுப்பி அதை எடுத்துட்டு வந்திருப்போம். இருபதுன்னு சொன்னதாலதான் உக்காந்துட்டோம்."

தாமதம்தான் தவறு என்று அவள் அதுவரை நினைத்திருந்தாள். வாயில் வந்த எண்ணை நம்பி ஓர் அறை நிறைய மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள் என்று அவளுக்கு உறைத்ததே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சூடுபட்ட பூனை அடுப்புப் பக்கமே போகாது. அவளும் சின்ன எண்கள் பக்கமே போகவில்லை. எது கேட்டாலும் "எழுபது நிமிஷம்" என்றாள். காலியான சாலையில் போகும்போதும் எழுபது. முன்பு அஞ்சு நிமிஷம் என்று கூப்பிட்டவர்கள் இப்போது, "பேரை மாத்திக்கிட்டாங்கப்பா" என்று சிரித்தார்கள். ரத்த வங்கி மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுவரில் ஒரு திரை மாட்டியிருந்தார். எந்த வண்டி எத்தனை நிமிடம் சொன்னது, எத்தனையில் சேர்ந்தது என்று அதில் பச்சையும் சிவப்புமாக ஓடும், பெரிய எண் சொன்னாலே சிவப்பு. அவருக்கு எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும்.

"எழுபதுன்னு சொல்லிட்டு முப்பதுல போனா யாருக்கு என்ன நஷ்டம் சார்?" என்று அவரிடம் ஒருநாள் கேட்டாள். அவர் சுவர்த் திரையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பதில் இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடைத்தது.

முன்கூட்டியே நாள் குறித்த ஒரு அறுவை சிகிச்சை. ஐம்பது வயதுப் பெண்மணி, தையல்காரர். அவருக்கு வேண்டிய ரத்தத்தைக் காலையில் கேட்டார்கள். அவள் எழுபது என்றாள். முப்பத்திரண்டில் போய்ச் சேர்ந்தாள், கொஞ்சம் பெருமையோடுகூட. பெட்டியை நீட்டியபோது அங்கிருந்த இளம் நர்ஸ், "அந்தக் கேஸ் தள்ளிப் போயிடுச்சே" என்றாள். எழுபது நிமிடம் என்று கேட்டதும் அறுவை அறையை அடுத்த நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்களாம். இனி அடுத்த வாரம்தான்.

வராந்தாவில் அந்தப் பெண்மணி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். வேன் சீருடையைப் பார்த்ததும் அவர் கிட்டே வந்தார்.

"ரத்தம் கொண்டு வர்றவங்க நீங்கதானா? ரோடு ரொம்ப மோசமா இருந்துச்சோ?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லீங்க. ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் கூட்டிச் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை, புரியாமல் பார்த்தார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து இவ பச்சைத் தண்ணி குடிக்கல" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்மணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "விடுங்க, போலாம்" என்றார்.

குறைத்துச் சொன்னாலும் ஒருவர் தலையில் விழுகிறது. கூட்டிச் சொன்னாலும் இன்னொருவர் தலையில் விழுகிறது. திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, வேலையே வேண்டாமென்று இறங்கிவிடலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் ஒழுங்காகக் கற்க ஆரம்பித்தாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கற்றுக்கொடுக்க யாருக்கும் தெரியவும் இல்லை. சக ஓட்டுநர்களைக் கேட்டால், "அது ஒரு இதுதான்" என்றார்கள். போன் மேப் ஒரு எண்ணைச் சொன்னது. அந்த எண் சாலை சற்று முன்பு எப்படி இருந்தது என்பதைத்தான் சொல்கிறது, அவள் அங்கே போய்ச் சேரும்போது எப்படி இருக்கும் என்பதைச் சொல்வதில்லை என்று கண்டுபிடிக்கவே அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. பசியோடு கிளம்பும்போது காலியாகத் தெரிந்த ஹோட்டலில், போய் நிற்கும்போது இடம் இல்லாததுபோலத்தான்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதினாள். கிளம்பிய நேரம், ஒவ்வொரு சிக்னலையும் தாண்டிய நேரம், பாலம் ஏறிய நேரம், இறங்கிய நேரம். விடுமுறை நாளில் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அதே பாதையில் போய்விட்டு வந்தாள். கணவர் முதல் தடவை கூடவே வந்தார். இரண்டாம் தடவை, "நீ போயிட்டு வா, நான் வீட்டுல இருந்தே ரோட்டை நெனச்சுக்கறேன்" என்றார்.

ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பள்ளிக்கூட மணி அடித்ததும் நெரிசல் வருவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மணி அடிப்பதற்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிடுகிறது. பெற்றோர்கள் வந்து இரண்டு ஓரமும் காரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரம் அது. மழையின் முதல் பத்து நிமிடம்தான் மோசம். பைக் ஓட்டுகிறவர்கள் எல்லாம் வழியில் உள்ள மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி, பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். மழை வலுத்துவிட்டால், வெளியே கிளம்ப இருந்தவர்கள் கிளம்பாமல் இருந்துவிடுவதால், சாலை காலியாகிவிடும். நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் மத்தியானமே சாயங்காலம் ஆகிவிடும்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவளுக்கு உதவியது, பாலத்துக்கு முன்னால் இருக்கும் பஸ் ஸ்டாப். அதில் ஆளே இல்லையென்றால் பஸ்கள் வந்துகொண்டிருக்கின்றன, சாலை ஓடுகிறது. கூட்டம் நிழற்குடையை விட்டு வழிந்து சாலைக்கு இறங்கியிருந்தால், அக்கரையிலிருந்து வந்து இங்கே திரும்ப வேண்டிய பஸ்கள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கின்றன. எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வண்டிகள் கொத்துக் கொத்தாக வந்தால், மெதுவாகவேனும் நகர்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டிகூட வராவிட்டால், நடுவில் ஏதோ குறுக்கே கிடக்கிறது.

பாலத்துக்கு அப்புறம் கதை வேறு. அகலமான சாலை, மூன்றே சிக்னல். நாற்பது தடவை எழுதிப் பார்த்தாள். காலையோ மாலையோ, வெயிலோ மழையோ, பத்துக்குக் குறையவில்லை, பன்னிரண்டைத் தாண்டவில்லை. பாலம் வரை கடவுள் விட்ட வழி. பாலம் தாண்டினால் பதினொரு நிமிடம்.

ஆகவே ஒரே எண்ணாகச் சொல்வதை விட்டாள். "இப்ப என்னால இருபத்தஞ்சுலேர்ந்து அம்பத்தஞ்சு வரைக்கும்தான் சொல்ல முடியும் சிஸ்டர். பாலத்துக்கிட்ட போய் மறுபடி கூப்பிடறேன். தாண்டினதும் இன்னொரு தடவை." தலைமை நர்ஸ் முதலில் முனகினார். இரண்டு மாதத்தில் அவரே, "பாலத்துக்கிட்ட போயாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார். மேலாளருக்குத்தான் பிடிக்கவில்லை. படிவத்தில் நேரத்துக்கு ஒரே கட்டம்தான் இருந்தது.

"ரெண்டு நம்பரை எங்கம்மா எழுதறது?"

"கட்டத்தைப் பெருசாக்குங்க சார்."

வீட்டில் இந்த நோய் எல்லாவற்றிலும் பரவியது. மகள் குளியலறையிலிருந்து எப்போது வெளியே வருவாள், கணவர் செருப்புத் தேட எத்தனை நிமிடம் எடுப்பார் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. சாப்பிடும்போது கால் ஆடிக்கொண்டே இருந்தது. "அம்மா, நீ என்னைப் பாக்கறப்ப சிக்னலைப் பாக்கற மாதிரியே பாக்கற" என்றாள் மகள். பன்னிரண்டு வயது, வாய் நீளம். "எப்ப மாறுவேன்னு நிக்கற." அவளுக்குச் சிரிப்பு வந்தது, கால் ஆடுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் பகுதியில், ஒரு வேலை நாள் மத்தியானம், மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்பு போன் வந்தது. பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண். அபூர்வ வகை. கையில் இரண்டு பை மட்டும் இருக்கிறது. பெட்டியைக் கட்டி அவள் கிளம்பும்போதே, அவளைக் கேட்காமல், மேலாளர் ஆஸ்பத்திரிக்கு நேரம் சொல்லிவிட்டார்: இருபத்து நாலு நிமிடம். மேப்பில் பாலம் முழுக்கப் பச்சைக் கோடு.

வழியில் தலைமை நர்ஸே அவளைக் கூப்பிட்டார். குரல் எப்போதும்போல நிதானமாக இருந்தது. ஆனால் வேகமாகப் பேசினார்.

"நேரடியா சொல்லிடறேன். டாக்டர் கர்ப்பப்பையைக் காப்பாத்தப் பாக்கறாங்க. முதல் குழந்தை, சின்ன வயசு. இருபத்தி நாலு நிமிஷத்துல ரத்தம் வந்துடும்னா இன்னும் கொஞ்ச நேரம் முயற்சி பண்ணலாம். வராதுன்னா, இருக்கற ரெண்டு பையை வெச்சுக்கிட்டு இப்பவே எடுத்துடணும். உங்க ஆபீஸ்ல இருபத்தி நாலுன்னாங்க. நீங்க சொல்லுங்க."

"மூணு நிமிஷம் குடுங்க சிஸ்டர். பாலத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

பாலத்துக்கு முந்தைய வளைவில் திரும்பியபோது பஸ் ஸ்டாப் தெரிந்தது. கூட்டம் சாலையின் பாதி வரை இறங்கியிருந்தது. சிலர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை விட்டுவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள். காலி. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம். ஒன்றரை. இரண்டு. ஒரு சைக்கிள் வந்தது, அவ்வளவுதான். மடியில் கிடந்த போனில் மேப் இன்னும் பச்சையாகவே இருந்தது.

அந்த வெற்றுச் சாலையைப் பார்த்தபடியே கூப்பிட்டாள்.

"சிஸ்டர், இருபத்தி நாலை நம்பாதீங்க. இப்பலேர்ந்து நாப்பதுக்குக் குறையாதுன்னு நெனைக்கறேன்."

"உறுதியா?"

உறுதி என்று சொன்னால் எல்லோருக்கும் சுலபம். அந்த ஒரு சொல்லுக்காக மறுமுனையில் ஒரு அறையே காத்திருந்தது. ஏதோ உலோகத் தட்டில் எதையோ வைக்கும் சத்தம் கேட்டது.

"உறுதி இல்ல சிஸ்டர். இந்த மாதிரி இருந்தப்ப பத்துல எட்டு தடவை நாப்பதுக்கு மேல ஆகியிருக்கு. ரெண்டு தடவை சட்டுனு விட்டுடுச்சு."

நர்ஸ் அந்த எண்களை ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"சரி. டாக்டர்கிட்ட அப்படியே சொல்றேன்" என்று நர்ஸ் வைத்துவிட்டார்.

அவள் பாலம் ஏறினாள். கால் கிலோமீட்டர் போவதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் எங்கேயோ இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே மடங்கி, கம்பிகள் இரண்டு பக்கமும் சரிந்து கிடப்பதாக, நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். பைக் ஓட்டுகிறவர்கள் நடைபாதையில் ஏறப் பார்த்து அங்கேயே சிக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஓடி? பாலத்துக்கு அப்பால் இன்னும் ஏழு கிலோமீட்டர். கீழே ஆறு, எந்த அவசரமும் இல்லாமல், தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஐந்து நிமிடம். எட்டு. பெட்டியின் முள்ளைத் திரும்பிப் பார்த்தாள். சரியாக இருந்தது. மறுபடி பார்த்தாள். இருக்கையில் நகர்ந்து உட்கார்ந்தாள், ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள். பின்னால் யாரோ ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்.

பதினான்காவது நிமிடத்தில் முன்னால் இருந்த காரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கார் நகர்ந்தது. அதற்கு முன்னால் இருந்ததும் நகர்ந்தது. மொத்த வரிசையும் கலகலவென்று அசைந்தது.

அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இப்போது விட்டுவிட்டால் இன்னும் பதினான்கு பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் சொன்னதைக் கேட்டு அங்கே கத்தியை எடுத்திருப்பார்களே. வேண்டாம், என்றாள் அவள், உதடு அசைய. விடாதே. இப்படியே நில்லு.

பெட்டியில் ரத்தத்தை வைத்துக்கொண்டு, வழி திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அடுத்த நொடியே உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. அங்கே ஒருத்தி உயிருக்குப் போராடுகிறாள், இவளுக்குத் தன் சொல் பலிக்க வேண்டுமாம். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போ, போ, போ" என்று சத்தமாகவே சொன்னாள். வேண்டிக்கொண்டதை வாயால் அழித்துவிட முடியும் என்பதுபோல.

இருநூறு மீட்டர் நகர்ந்து வரிசை மறுபடி நின்றது. ஒரு பாதையை மட்டும் ஒழுங்கு செய்து, ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். தனக்கு நிம்மதியா வருத்தமா என்று அவள் சோதித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

முப்பத்தோராவது நிமிடம் பாலம் இறங்கினாள். "தாண்டிட்டேன் சிஸ்டர். பதினொண்ணு." மறுமுனையில் வேறு யாரோ எடுத்து, "சொல்லிடறேன்" என்றார்கள்.

நாற்பத்திரண்டில் வாசலில் நின்றாள். பெட்டியை வாங்க, எப்போதும் வரும் பணியாளோடு கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிய ஒரு குள்ளமான பெண்ணும் நின்றார். "குடுங்க" என்றதும் குரலை வைத்து அடையாளம் தெரிந்தது. தலைமை நர்ஸ் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. பெட்டி உள்ளே போனது.

வழக்கமாக அவள் கையெழுத்து வாங்கியதும் திரும்பிவிடுவாள். அன்று போகவில்லை. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அரை மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. நர்ஸ் வெளியே வந்து, கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"உயிருக்குப் பயமில்ல. குழந்தையும் நல்லாருக்கு."

"கர்ப்பப்பை?"

"எடுத்தாச்சும்மா. நீங்க போன் பண்ணி ஆறாவது நிமிஷம் ஆரம்பிச்சுட்டோம்."

"நான் இருபத்தி நாலுல வந்திருந்தா?"

"வரலையே."

"வரலைங்கறது இப்பத்தானே தெரியும் சிஸ்டர்."

நர்ஸ் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "இதைக் கேளுங்க" என்றார் நர்ஸ். "முப்பதாவது நிமிஷம் ரெண்டாவது பையும் தீந்துடுச்சு. அப்ப தையல் போட்டு முடிச்சிருந்தோம், அதனால தாங்கிச்சு. இருபத்தி நாலை நம்பிக் காத்திருந்தோம்னா, முப்பதாவது நிமிஷம் கையில ஒரு சொட்டு இருந்திருக்காது. அப்புறம் என்ன எடுத்து என்ன?"

"எட்டு தடவை, ரெண்டு தடவைன்னு நான் சொன்னது..."

"டாக்டர் அதைத்தான் கேட்டாங்க. உறுதின்னு மட்டும் நீங்க சொல்லியிருந்தா, டிரைவருக்கு என்ன தெரியும்னு விட்டிருப்பாங்க. ரெண்டு தடவை தப்பாவும் போயிருக்குன்னு சொன்னீங்க பாருங்க, எண்ணிப் பாத்தவங்கதான் அப்படிச் சொல்வாங்கன்னாங்க."

அந்தச் சொல் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பாலத்தின் மேல் தான் வேண்டிக்கொண்டதை நர்ஸிடம் சொல்லிவிட வாய் திறந்தாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னாள். அவர் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

"லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா, இன்னும் பத்து நிமிஷம்னு சொல்லிட்டு வேலை பாப்பேன். பத்து நிமிஷத்துக்கு முன்னாடியே கதவு திறந்துட்டா, ஒரு செகண்டு எனக்கே ஒரு மாதிரி இருக்கும். எல்லாருக்கும் இருக்கறதுதான். அந்த ஒரு செகண்டை வெச்சு ஆளை எடை போட முடியாது. சாப்பிடு."

ஆபீஸ் சொன்ன நேரத்தை மறுத்து ஆஸ்பத்திரியிடம் பேசியதற்கு விளக்கம் கேட்டு மேலாளர் கடிதம் கொடுத்தார். அவள் எழுதுவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது: இனிமேல் நேரத்தை வண்டி ஓட்டுபவரே சொல்ல வேண்டும், கிளம்பும்போது ஒரு தடவை, பாலத்தில் ஒரு தடவை, தாண்டியதும் ஒரு தடவை. மேலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, விளக்கம் வேண்டாம் என்றார். படிவத்தின் கட்டம் மட்டும் பெரிதாகவில்லை. ஓட்டுநர்கள் அதற்குள்ளேயே இரண்டு எண்ணை நெருக்கி எழுதினார்கள். மூன்று பேர் அவளிடம் காலண்டர் தாள்களை வாங்கிப் படி எடுத்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாப் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒருவர், "இத்தனை வருஷமா அந்தக் கூட்டத்தைத் திட்டிக்கிட்டே போயிருக்கேன்" என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் காலை, ரத்தம் கொடுக்க ஓர் இளைஞர் வந்தார். பெயர் எழுதிக்கொடுத்த பிறகு, அன்றைக்கு அக்கரைக்கு ரத்தம் கொண்டுபோன ஓட்டுநரைப் பார்க்க வேண்டும் என்றார். அவள் வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"வராதுன்னு போன்ல சொன்னது நீங்கதானாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நான்தான்."

"பொண்ணு பொறந்திருக்கு. இன்னும் ரெண்டாவது வேணும்னு நாங்க பேசி வெச்சிருந்தோம்." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "நர்ஸம்மா எல்லாம் விளக்கமா சொன்னாங்க. என் வீட்டுல அவ உடனே சரின்னுட்டா. உயிரோட இருக்கேன், அது போதும்னா. எனக்குத்தான் இன்னும் மனசு ஒப்பல. உங்களை நேர்ல பாத்தா ஒப்புமோன்னு வந்தேன்."

ஒரு எண்ணும் இதற்கு உதவாது.

"ஒப்பலன்னாலும் பரவால்லீங்க" என்றாள். "நானா இருந்தாலும் ஒப்பியிருக்காது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அது சம்மதமா, வெறுமனே கேட்டுக்கொண்டதா என்று சொல்ல முடியவில்லை. பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய்ப் படுக்கையில் படுத்தார். குழந்தைக்கு என்ன பெயர் என்று ஒரு பெண் கேட்க, அவர் ஏதோ சொல்ல, உள்ளே லேசாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவள் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போனாள். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. எந்த அழைப்பும் வரவில்லை. ஆனாலும் உட்கார முடியாமல், தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.